செல் சவ்வுக்கு இரண்டாவது வால் அடித்த கதை

செல் சவ்வைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று எங்கள் தெருப் பள்ளிக்கூடத்து உயிரியல் டீச்சர் வந்து கேட்டபோது, குடித்துக்கொண்டிருந்த காப்பி எனக்குப் புரையேறிவிட்டது. அடுப்படியில் இருந்து என் மனைவி பேச்சியம்மாள், "டீச்சர், வீடு மாறி வந்துட்டீகளா? இவுக எட்டாவதோட நின்னவுக" என்று குரல் கொடுத்தாள்.

டீச்சர் சிரித்துக்கொண்டே தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். பள்ளி ஆய்வகச் சுவரில் தொங்கும் சார்ட். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சிவப்புத் தலைகள் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, நடுவில் வால்கள்.

"இதை அடிச்சது நீங்கதானாமே அண்ணாச்சி. ஒரு சந்தேகம். நான் பார்த்த மத்த சார்ட்ல எல்லாம் வால் அத்தனையும் அளவெடுத்து வெச்ச மாதிரி நேரா இருக்கும். இதுல மட்டும் ஒரு வால் நேரா, ஒரு வால் வளைஞ்சு, ஒவ்வொண்ணும் ஒரு தினுசா இருக்கு. பாடத்துக்கு இதுதான் பொருத்தம். யாரு யோசிச்சு இப்படி வரைஞ்சது?"

"யாரும் யோசிக்கலை டீச்சர். அது ஒரு பெரிய கூத்து."

"அப்ப அந்தக் கூத்தையே எழுதுங்க. பள்ளி மலர்ல போடுறோம். பிள்ளைகளுக்குப் பாடமும் ஆச்சு."

மாரியம்மன் துணை. எழுதுகிறேன். பிள்ளைகளே, பாடத்தில் தப்பு இருந்தால் உங்கள் டீச்சர் திருத்திக்கொள்வார். அச்சு மங்கியிருந்தால் மட்டும் என்னைக் கேளுங்கள். மங்கின அச்சை யார் அடித்திருந்தாலும் எனக்குக் கோபம் வரும்.

நான் சிவகாசியில் ஆப்செட் மெஷின்மேனாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது விருதுநகரில் மகன் வீட்டோடு இருக்கிறேன். தாள் அடுக்கப் போய், ரோலர் கழுவி, மை குழைத்து, மெஷினைத் தொட விடுவதற்குள் எனக்கு மீசை முளைத்துவிட்டது. அந்த வருஷங்களில் படித்த படிப்பு ஒன்றுதான். தண்ணீரையும் மையையும் சண்டை போட விடவேண்டும். இரண்டில் எதையும் ஜெயிக்க விடக் கூடாது.

ஆப்செட் பிளேட்டைத் தடவிப் பார்த்தால் வழுவழுவென்று இருக்கும். எழுத்து மேடாகவும் இருக்காது, பள்ளமாகவும் இருக்காது. ஆனால் படம் உள்ள இடத்துக்கு எண்ணெய் பிடிக்கும், படம் இல்லாத இடத்துக்குத் தண்ணீர் பிடிக்கும். முதலில் தண்ணீர் ரோலர் தடவிப் போகும். பின்னாலேயே மை ரோலர் வரும். மை எண்ணெய்ச் சரக்கு அல்லவா, தண்ணீர் நிற்கிற இடத்தை எட்டிக்கூடப் பார்க்காது. படத்தின் மேல் மட்டும் போய் உட்காரும். தண்ணீர் கூடிப்போனால் படம் வெளிறும், தாள் ஈரம் குடித்து நீளும். குறைந்துபோனால் வெள்ளை இடமெல்லாம் மை இழுகும். அந்த அளவைக் காவல் காத்து நிற்பதுதான் மெஷின்மேன் வேலை. இதை ஒரு ஓரமாக நினைவில் வையுங்கள். சவ்வு வரும்போது வேண்டியிருக்கும்.

எங்கள் போர்மேன் தேவசகாயம் அண்ணாச்சி. மை வேலையில் இருந்துகொண்டு தினமும் வெள்ளைச் சட்டைதான் போடுவார்; அதில் ஒரு புள்ளி கறை பார்த்தவர் கிடையாது. காலையில் அவர் ஒரு மூலையில் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவார். நான் இன்னொரு மூலையில் அம்மன் படத்துக்குச் சூடம் காட்டுவேன். இரண்டும் முடிந்த பிறகுதான் மெஷினுக்கு ஸ்விட்ச். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. ஒரு வேலை கெட்டுப்போனால் தாளை லென்ஸ் வைத்துப் பார்ப்பார். லென்ஸைச் சட்டைப் பையில் போடுவார். கெடுத்தவன் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டு, "சாப்பிட்டீகளா?" என்பார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவனுக்குச் சோறு இறங்காது. புதிதாய் வந்தவர்கள் விவரம் தெரியாமல், "ஆச்சு அண்ணாச்சி, புளிச்சோறு" என்று சொல்லிவிட்டு, சுற்றி நிற்கிறவர்கள் ஏன் தலையில் அடித்துக்கொள்கிறார்கள் என்று முழிப்பார்கள்.

இன்னொரு வழக்கமும் எங்கள் அச்சகத்தில் உண்டு. எந்த வேலையானாலும் கலர் சரியாக வந்த முதல் தாள் அம்மனுக்கு. முருகன் காலண்டரோ, வெடிப்பெட்டி லேபிளோ, குங்குமம் வைத்து அலமாரியில் அம்மன் காலடியில் வைத்துவிடுவோம். வைத்ததைத் திரும்ப எடுப்பதில்லை.

இனி என் வீட்டுக் கவலையைச் சொல்ல வேண்டும். சிவகாசியில் அச்சு வேலைக்குச் சீசன் உண்டு. ஆடியில் சூடு பிடிக்கிற காலண்டர் வேலை மார்கழியோடு அடங்கிவிடும். பொங்கல் கழிந்தால் பல மெஷின்களுக்குத் தூக்கம். அந்த மாதங்களில் எங்களைப் போன்ற கூலிக்காரர்கள் பட்டாசுக் கம்பெனிக்குப் போவோம். நானும் போனேன். ஒரு நாள் நான் இருந்த ஷெட்டுக்குப் பக்கத்து ஷெட் வெடித்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஊர் வரைக்கும் கேட்டது சத்தம் மட்டும்தானே. பேச்சியம்மாள் செருப்புக்கூடப் போடாமல், கம்பெனி இருக்கிற வெம்பக்கோட்டை ரோட்டுக்கு ஓடிவந்து, வருகிற பஸ் ஒவ்வொன்றையும் நிறுத்தி உள்ளே ஏறித் தேடியிருக்கிறாள். என்னைக் கண்டதும் அவள் அழவில்லை. என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். கந்தக வாசம்.

"இந்த வாசம் இனி நம்ம வீட்டுக்குள்ள வரப்படாது" என்றாள்.

சீசன் இல்லாத மாதத்திலும் அச்சு வேலையே கிடைக்க வேண்டும், கிடைத்தால் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று அன்றைக்கே மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அம்மன் உடனே வாய் திறக்கவில்லை. அடுத்த மார்கழியும் முடிந்து பொங்கலும் கழிந்தது. பட்டாசுக் கம்பெனியில் இருந்து ஆள் விட்டுக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதுதான் மதுரையில் இருந்து ஒருவர் வந்தார். பள்ளிக்கூடங்களுக்குச் சார்ட் விற்கிறவர்.

"முதல்ல செல் சவ்வு அடிச்சுக் குடுங்க. நல்லா வந்தா இருதயம், கண்ணு, நரம்பு, இலைன்னு வரிசையாத் தர்றேன். பள்ளிக்கூடம் தெறக்குற வரைக்கும் உங்க மெஷின் நிக்காது" என்றார்.

நான் அம்மன் அலமாரியைப் பார்த்தேன். இருதயமும் கண்ணும் நரம்பும் எனக்கு வேண்டும். அதற்கு இந்தச் சவ்வு தேற வேண்டும்.

மதுரைக்காரர் பென்சிலில் வரைந்த ஒரு படத்தைப் போனில் அனுப்பினார். அதைக் கம்ப்யூட்டரில் வரைய வேண்டியவர் எங்கள் டிசைனர் சண்முகம். தீப்பெட்டிக்கும் வெடிப்பெட்டிக்கும் லேபிள் வரைகிறவர். காப்பி ஆறுவதற்குள் ஒரு புலியை முடித்துவிடுவார். சாத்தூர்க்காரர். அவர் வீட்டில் அத்தனை பேருக்கும் தீப்பெட்டி வேலைதான். பென்சில் படத்தில் அவர் கண்டது என்ன? உருண்டைத் தலை. தலைக்குக் கீழே ஒரு கோடு. பக்கத்தில் மங்கலாக இன்னொரு கோடு. இப்படியே வரிசை வரிசையாக. சாத்தூரில் பிறந்தவருக்கு அது வேறு என்னவாகத் தெரியும்? தீக்குச்சிதான். இரண்டாவது கோடு குச்சியின் நிழல் என்று முடிவு பண்ணி அழித்துவிட்டார். ஒரு குச்சியைச் சுத்தமாக வரைந்து, தலைக்குச் சிவப்பு கொடுத்து, சுற்றிலும் தடித்த கறுப்புக் கோடு போட்டு, சட்டத்தில் குச்சி அடுக்குகிற மாதிரி அடுக்கிக்கொண்டே போய்விட்டார்.

போர்மேன் பார்த்தார். நானும் பார்த்தேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் ஊர்க்கண்ணுக்கு அது அத்தனை சரியாக இருந்தது. மதுரைக்காரரும் ஏதோ கல்யாண வீட்டில் இருந்துகொண்டு, போனில் கட்டைவிரலைத் தூக்கி அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் ஓட்டினோம். சிவப்பு தகதகவென்று வந்தது. முதல் தாளை அம்மனுக்கு வைத்தேன். சண்முகம் தாளைத் தூக்கிப் பிடித்து, "அண்ணாச்சி, ஒரசுனாப் பத்திக்கும் போல இருக்கே!" என்றார். மத்தியானத்துக்குள் மொத்தமும் அடித்து முடித்தாகிவிட்டது. சாயங்காலம் மதுரையில் இருந்து வேன் வரும்.

அந்த நேரத்தில்தான் ஜெபமணி டீச்சர் தூக்குவாளியோடு உள்ளே வந்தார். போர்மேனின் சம்சாரம். சாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் எடுக்கிறவர். அன்றைக்கு அரைநாள் பள்ளி. அடுக்கி வைத்த தாளைப் பார்த்து, "என்ன இது, தீப்பெட்டி லேபிளா? இம்புட்டுப் பெரிசா?" என்றார்.

"செல் சவ்வு டீச்சர்" என்றார் சண்முகம் பெருமையாக. "கலர் எப்பிடி?"

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். உதடு ஒரு பக்கம் கோணியது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"கலர் பிரமாதம். இன்னொரு வால் எங்க சண்முகம்?"

"எந்த வால் டீச்சர்?"

"ஒவ்வொரு தலைக்கும் ரெண்டு வால் உண்டு. நீங்க ஒண்ணுதான் போட்டிருக்கீக."

"அது... நிழலு டீச்சர்."

மெஷின் நின்றிருந்ததால் அந்தச் சொல் எல்லோருக்கும் கேட்டது. தேவசகாயம் அண்ணாச்சி லென்ஸை எடுத்தார். பார்த்தார். பைக்குள் போட்டார். யார் தோளைத் தொடுவது என்று அவருக்கே தெரியவில்லை போல. நடுவில் நின்று பொதுவாக, "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்றார். அந்தக் கேள்வியில் அவரும் சேர்த்தி.

சண்முகம்தான் வாய் திறந்தார். "ஒரு வாலுதான டீச்சர் கொறையுது? யாரு எண்ணிப் பாக்கப் போறா?"

டீச்சர் கோபப்படவில்லை. "மை அப்புன கையை எதைப் போட்டுக் கழுவுறீக?"

"மண்ணெண்ணெய் போட்டுத் தொடைச்சுட்டு, சோப்பு."

"அந்தச் சோப்புக்குத்தான் ஒத்தைத் தலை, ஒத்தை வால். தலைக்குத் தண்ணி பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். வாலு எல்லாம் அழுக்கெண்ணெய்க்குள்ள போய்க் குத்திக்கிடும், தலை எல்லாம் தண்ணியப் பாத்துத் திரும்பிக்கிடும். சின்னச் சின்ன உருண்டையா உருண்டு, அழுக்கைத் தூக்கிட்டுத் தண்ணியோட ஓடிரும். ஒத்தை வாலு ஒல்லியா இருக்கிறதால உருண்டையாகத்தான் ஆகும். ரெண்டு வால் இருந்தாத்தான் தலைக்குச் சமமா ஒடம்பு அகலமாகி, பக்கத்துல பக்கத்துல நின்னு தட்டையா ஒரு விரிப்பாகும். அதுதான் சவ்வு. நீங்க அடிச்சு வெச்சிருக்கிறது சோப்புத் தண்ணி."

சண்முகம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போர்மேன் மெதுவாகச் சொன்னார்: "பிள்ளைக இதைப் பாத்துத்தான் பரீட்சையில வரையும் சண்முகம். அனுப்ப முடியாது."

திரும்ப அடிக்க அந்தக் கனத் தாள் கையில் இல்லை. வேன் வந்து வெறுமனே திரும்பினால் இருதயமும் போச்சு, கண்ணும் போச்சு. எனக்கு அந்தக் கந்தக வாசம் மூக்கில் அடித்தது, சத்தியமாக.

"அண்ணாச்சி, கறுப்பு மட்டும் இன்னொரு தடவை ஓட்டுனா என்ன? கொறையுற வாலை மட்டும் ஒரு பிளேட்டாப் போட்டு, அடிச்ச தாள் மேலேயே அடிப்போம்" என்றேன்.

போர்மேன் ஒரு தாளை எடுத்துத் தடவிப் பார்த்தார். "தாள் தண்ணி குடிச்சிருக்கு. பொருந்துமா?"

"அம்மன் விட்ட வழி."

சண்முகம் ஓடினார். பிளேட் தயாராகிற வரை ஜெபமணி டீச்சர் படத்தின் மீதியைக் காட்டிக் கொடுத்தார். என் வாழ்நாளில் அத்தனை நிதானமாக யாரும் எனக்குப் பாடம் எடுத்ததில்லை. வேறு வேலையும் அப்போது இல்லை. செல்லுக்கு வெளியேயும் தண்ணீர், உள்ளேயும் தண்ணீர். அதனால்தான் தலைகள் இரண்டு பக்கமும் பார்த்து நிற்கின்றன. தண்ணீர் பிடிக்காத வால்கள் நடுவில் ஒளிந்துகொள்கின்றன. யாரும் பிடித்து நிறுத்துவது இல்லை, கட்டுவதும் இல்லை. தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் உள்ள ஆகாமையே அதை நிறுத்துகிறது. நான் மெஷினைப் பார்த்தேன். "இதே சண்டையைத்தான் நான் காலையில இருந்து பார்த்துக்கிட்டு இருக்கேன் டீச்சர்" என்றேன். "பாத்தீகளா, ஒங்களுக்கு முன்னாடியே ஒங்க ஒடம்பு ஆப்செட் படிச்சிருச்சு" என்றார்.

வரிசையின் இடையிடையே பெரிய பெரிய உருண்டைகள் இருந்தன. அவை புரதங்கள், செல்லின் வாசல்கள். பிராணவாயு மாதிரிச் சின்னச் சரக்கு வால்களின் இடையிலேயே நுழைந்து போய்விடும். சர்க்கரை, உப்பு போன்றவை வாசல் வழியாகத்தான் வரவேண்டும். பட்டாசுக் கம்பெனி கேட்டில் ஆளை விடுவார்கள், பீடியையும் தீப்பெட்டியையும் விடமாட்டார்கள் அல்லவா, அப்படி ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு கணக்கு. சில வாசல்கள் சரக்கை உள்ளே தள்ளுவதற்குச் செல் தன் சக்தியைச் செலவழிக்க வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் கிளை கிளையாக நீட்டிக்கொண்டிருப்பவை சர்க்கரைச் சங்கிலிகள். இன்னார் நம்ம ஆள் என்று செல்கள் ஒன்றையொன்று அடையாளம் காண உதவுபவை. சண்முகம் அதைக் கம்பி மத்தாப்புப் பொறி மாதிரி வரைந்திருந்தார். டீச்சர் அதைப் பார்த்து ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, "இது இருக்கட்டும், தப்பில்லை" என்றார்.

பிளேட் வந்தது. மறுபடி சூடம் காட்டினேன். போர்மேனும் மறுபடி கண்ணை மூடினார். அன்றைக்கு இரண்டு சாமிக்கும் இரட்டை வேலை.

முதல் தாளை ஓட்டிப் பார்த்தேன். இடது பக்கம் வால் அம்சமாகத் தலையில் போய் ஒட்டியது. வலது பக்கம் போகப் போக விலகியது. கடைசித் தலைக்குப் பக்கத்தில் வால் தனியாக அந்தரத்தில் தொங்கியது. காலையில் ஈரம் குடித்த தாள் மயிரிழை நீண்டிருந்தது. தண்ணீரைக் குறைத்தேன். பிளேட்டை நகர்த்தினேன். வலது பொருந்தினால் இடது விலகியது. நடுவைப் பொருத்தினால் இரண்டு பக்கமும் சிரித்தது. போர்மேன் லென்ஸைப் பைக்குள் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார். நல்லவேளை, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"பக்கத்து வாலோட ஒட்டி நேரா நிக்கணுமே, அதான் விலகுனது பளிச்சுன்னு தெரியுது" என்று சண்முகம் புலம்பினார்.

"நேரா நிக்கணும்னு யாரு சொன்னா?" என்றார் டீச்சர். "ஒரு வால் நேராவும், இன்னொண்ணு நடுவுல முழங்கால் மடக்குன மாதிரி வளைஞ்சும் இருக்கிறதுதான் நெறைய. அந்த வளைவு இருக்கிறதாலதான் நெருக்கிக்கிட்டு இறுகிப் போகாம, சவ்வு எண்ணெய் மாதிரி அசைஞ்சுக்கிட்டே இருக்கு. திருவிழாக் கூட்டம் மாதிரி. வரிசையும் கலையாது, ஆளும் ஒரே இடத்துல நிக்காது."

சண்முகத்துக்கு முகம் மாறியது. அவர் இத்தனை நாள் வரைந்த புலியும் ராக்கெட்டும் அப்போதுதான் அவருக்குக் கை கொடுத்தன என்று நினைக்கிறேன்.

"அப்ப ஒவ்வொரு வாலையும் ஒவ்வொரு தினுசா வளைச்சு விட்டுருவேன். ஒண்ணுக்கொண்ணு ஒப்பிட முடியாது. வாலோட அடியைத் தலையைச் சுத்தி இருக்கிற தடிச்ச கோட்டுக்குள்ள கொஞ்சம் வேர் விட்ட மாதிரி நொழைச்சிருதேன். கறுப்பு மேல கறுப்பு. மயிரிழை அங்கிட்டு இங்கிட்டுப் போனாலும் யாருக்கும் தெரியாது அண்ணாச்சி!"

"ஏலே, இதைக் காலையிலேயே செஞ்சிருக்கலாம்லே" என்றேன்.

"காலையில அது தீக்குச்சில்லா!"

இரண்டாவது பிளேட் ஏறியது. தாள் வெளியே வந்தது. போர்மேன் இடது ஓரத்தில் லென்ஸ் வைத்தார். நடுவில் வைத்தார். வலது ஓரத்துக்குப் போனபோது நான் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னால் இருந்து கை என் தோளைத் தொட்டது. அடுத்து "சாப்பிட்டீகளா?"தான் என்று நினைத்தேன்.

"ஓட்டுங்க" என்றார்.

அந்தத் தாளுக்கும் குங்குமம் வைத்து அம்மனிடம் கொண்டுபோனேன். ஒற்றை வால் தாள் அங்கேயே இருந்தது. அம்மனுக்கு வைத்ததை எடுக்கக் கூடாது. தப்பான படத்தையும் வைத்திருக்க மனசு வரவில்லை. கையை நீட்டுவதும் இழுப்பதுமாக நின்றேன். ஜெபமணி டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டும் இருக்கட்டும் அண்ணாச்சி. ஒண்ணு சோப்பு, ஒண்ணு செல்லு. ரெண்டும் கடவுள் படைச்சதுதான்" என்றார். இரண்டையும் வைத்துக் கும்பிட்டேன்.

வேன் வந்தபோது கடைசிக் கட்டு ஓடிக்கொண்டிருந்தது. மதுரைக்காரர் ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "நான் போன்ல பாத்தது வேற மாதிரி இருந்துச்சே. ஏன் வாலெல்லாம் இப்பிடி ஆட்டம் போடுது?"

போர்மேன் ஒளிக்கவில்லை. ஒற்றை வாலையும், நிழலையும், சோப்பையும் ஒன்று விடாமல் சொன்னார். மை காய்கிற வரை வண்டி நிற்க வேண்டும் என்றும் சொன்னார். டீச்சர் அந்த வளைவு எதற்கு என்று எடுத்துச் சொன்னார். மதுரைக்காரர் தாளைப் பார்த்தார், சண்முகத்தைப் பார்த்தார், என் கறுத்த கையைப் பார்த்தார்.

"சரி. இருதயம் எப்ப ஆரம்பிக்கலாம்? ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். அதை டீச்சர் கிட்டக் காட்டிட்டு அடிங்க. ஒங்க ஊருல அது என்னவாத் தெரியுமோ!"

குழாயடியில் நானும் சண்முகமும் கை கழுவினோம். நுரை கறுத்துத் தொட்டிக்குள் வழிந்தது. சண்முகம் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, அங்கன பாருங்க. என் படம் ஓடுது" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாம் சிரிப்பினால் வந்தது என்று சொல்ல மாட்டேன்.

வீட்டு வாசலில் பேச்சியம்மாள் நின்றாள். நான் ஒன்றும் சொல்வதற்குள், "கையைக் காட்டுங்க" என்றாள். பிடித்து முகர்ந்து பார்த்தாள். சோப்பு. அதற்கடியில் மை. இன்னொரு தடவை முகர்ந்துவிட்டு, "இட்லி ஆறுது, வாங்க" என்று உள்ளே போனாள்.

இருதயம் வந்தது. கண் வந்தது, நரம்பு வந்தது, இலை வந்தது. அந்தத் தை, மாசி முழுக்க ஒவ்வொரு சாயங்காலமும் அவள் வாசலில் நின்று என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்த பிறகுதான் உள்ளே விட்டாள். பங்குனிப் பொங்கல் அன்றைக்கு மட்டும் பார்க்கவில்லை. அன்று அவளுடைய இரண்டு கையிலும் அக்கினிச்சட்டி இருந்தது.